பதிவேட்டின் முதல் பெயர்

தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. ஒரு கப்பல் வரும். அதிலிருந்து ஓர் ஆண் இறங்குவார். 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கும் புளூட்சோவும் அப்படித்தான் இறங்கினார்கள். இறங்கியவர் மொழி கற்பார், வேதத்தை மொழிபெயர்ப்பார், ஆட்களைச் சேர்ப்பார், கடைசியில் கோயில் கட்டுவார். தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் எழும்பியது. அதன் பிறகு வரலாறு என்பது அவருக்குப் பின் யார் வந்தார், அவருக்குப் பின் யார் வந்தார் என்ற அட்டவணையாகிவிடும். அந்த அட்டவணையில் பெண்கள் ஐயரின் மனைவியாகவோ, பள்ளி நடத்திய கன்னிகையாகவோ, மனந்திரும்பிய முதல் பெண்ணாகவோ வந்துபோவார்கள்.

பாளையங்கோட்டைக் கதை இந்த வார்ப்புக்குள் அடங்குவதில்லை. அங்கே முதலில் வந்தது ஐயர் இல்லை. ஐயர் வருவதற்கு முன்பே அங்கே ஒருத்தி இருந்தாள். தஞ்சாவூர் பக்கத்து மராட்டியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கைம்பெண்ணாகி, லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியுடன் வாழ்ந்து, அவருக்குப் பணி மாற்றம் வந்தபோது அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்து, அவர் இறந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டவள். 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் அந்த ஊருக்கு வந்தபோது அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்ற பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து, 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள். பல சாதியினர். முதல் பெயர் அவளுடையது. கோயில் கட்டி முடித்து 1785இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். பணத்தில் அவளுடையதும் இருந்தது, கோட்டையிலிருந்த ஆங்கிலேயர்கள் கொடுத்ததும் இருந்தது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இங்கே ஒரு சௌகரியம் உண்டு. கட்டடத்துக்குக் கோயில், ஆலயம் என்கிறோம். கூடுகிற மக்களுக்குச் சபை என்கிறோம். இரண்டும் வேறு என்று நம் மொழிக்குத் தெரியும். ஆகவே ‘பாளையங்கோட்டையில் யார் முதலில் தொடங்கியது’ என்று கேட்டால் எதைத் தொடங்கியது என்று திருப்பிக் கேட்க முடியும். கோயில் 1785இல் வந்தது. சபை அதற்கு ஐந்து ஆண்டு முன்பே நாற்பது பேராக இருந்தது. அந்த நாற்பது பேரை ஒரே இடத்தில் உட்கார வைத்தது யார், யாருடைய வீட்டில், யார் சொல்லி வந்தார்கள் என்ற கேள்விகளுக்குக் கல்வெட்டு பதில் சொல்லாது. பதிவேட்டின் வரிசைதான் கொஞ்சம் சொல்கிறது.

(சபை என்ற சொல்லும் நமக்குச் சும்மா வந்ததில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் சபை உறுப்பினருக்கான தகுதிகள் இருக்கின்றன: நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு அங்கே இடமில்லை என்று தனியாக எழுத வேண்டிய தேவைகூட அவர்களுக்கு இருக்கவில்லை. அந்தச் சொல்லின் முதல் இடத்தில் ஒரு கைம்பெண் வந்து உட்கார்ந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.)

இதற்குப் பிறகும் ‘திருநெல்வேலியின் அப்போஸ்தலர்’ என்ற பட்டம் ரேனியஸ் ஐயருக்குத்தான் போயிற்று. அவர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். கிளாரிந்தாவின் கோயிலுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. ரேனியஸின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. நூற்றுக்கணக்கான ஊர்களில் சபை பெருகியதற்கு அவர் காலம் முக்கியமானது. ஆனால் பெருக்கியவருக்கு அப்போஸ்தலர் என்றும், தொடங்கியவளுக்கு ‘முதல் மனந்திரும்பிய பெண்’ என்றும் பெயர் வைக்கும் மொழியைக் கேள்வி கேட்காமல் விட முடியாது. ‘மனந்திரும்பியவள்’ என்பது அவளுக்கு நடந்ததைச் சொல்கிறது. ‘தொடங்கியவள்’ என்பது அவள் செய்ததைச் சொல்லும். பெண்களைப் பற்றி எழுதும்போது வரலாறு செயப்பாட்டு வினையை விரும்பித் தேர்ந்தெடுக்கிறது.

அவளைச் சபையின் வெளியே நிறுத்தியதிலிருந்தே இதை வாசிக்கலாம். தஞ்சாவூரில் இருந்தபோதே அவள் சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டாள். லிட்டில்டனோடு மணமில்லாமல் வாழ்கிறாள் என்று அவர் மறுத்தார். மணமில்லாமல் வாழ்ந்தது இரண்டு பேர். வாசலில் நிறுத்தப்பட்டது ஒருத்தி. அந்த மனிதருக்கு ஞானஸ்நானம் குழந்தையாக இருந்தபோதே கிடைத்துவிட்டது, அதைத் திருப்பிக் கேட்க யாராலும் முடியாது. அவளுக்கோ, பிராமணக் கைம்பெண்ணாக, மறுமணம் என்ற சொல்லே இல்லாத உலகம். விதவை மறுமணச் சட்டம் வர 1856 ஆக வேண்டும். அவள் ஒழுங்காக வேண்டுமென்றால் ஒன்று அவர் அவளை மணக்க வேண்டும், அல்லது அவள் அவரை விட்டு வீதிக்கு வர வேண்டும், அல்லது அவர் சாக வேண்டும். மூன்றாவதுதான் நடந்தது. அவர் இறந்த பிறகே அவள் தகுதி பெற்றாள். ஓர் ஆணின் மரணம் அவளை முதல் முறை சமூகத்திலிருந்து வெளியேற்றியது. இன்னோர் ஆணின் மரணம் அவளைச் சபைக்குள் அனுமதித்தது. இரண்டு மரணத்துக்கும் நடுவில் அவள் என்ன நம்பினாள் என்பது யாருக்கும் கேள்வியாக இருக்கவில்லை.

கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி மிஷன் வரலாற்றில் அவளுக்குரிய இடம் இருக்கிறது. பதிவேட்டை அவர் எடுத்துக்கொடுத்ததற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் மிஷன் எழுத்துகளில் அவளுடைய கதையைச் சொல்லும் வரிசை மாறுவதே இல்லை: முதலில் உறவு, பிறகு மறுப்பு, பிறகு மரணம், பிறகு நல்லொழுக்கம், கடைசியில் ஞானஸ்நானம். ஒரு பெண் தகுதி பெறுவதற்குக் கடக்க வேண்டிய படிகள் போல. சுவார்ட்ஸ் எந்தப் படியும் ஏறியதாக எந்த வரலாறும் தொடங்குவதில்லை.

இந்த இடத்தில்தான் அ. மாதவையாவின் ‘கிளாரிந்தா’வுக்கு வர வேண்டும். 1915இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நாவல். சரோஜினி பாக்கியமுத்து அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மாதவையா திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவர், கைம்பெண் மறுமணத்தைப் பேச ‘முத்துமீனாட்சி’ எழுதியவர். பிராமண வீட்டுக்குள் பெண்ணுக்கு நடப்பதை உள்ளிருந்து பார்த்த எழுத்தாளர்களில் அவரளவு கோபம் கொண்டவர்கள் அன்று குறைவு. அந்தக் கோபம் இந்த நாவலிலும் இருக்கிறது. கணவனின் சிதையில் ஏற்றப்படவிருந்தவள் மீட்கப்படுகிறாள். உடன்கட்டையிலிருந்து அவள் தப்பியதாகச் சொல்லும் வாய்மொழிக் கதைக்கு நாவல் எலும்பும் சதையும் கொடுத்தது. இன்று கிளாரிந்தா என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான்.

மாதவையா செய்த பெரிய காரியம், லிட்டில்டனோடு வாழ்ந்ததற்காக அவளைத் தண்டிக்காமல் விட்டது. மிஷன் குறிப்புகளில் களங்கமாக இருந்த வாழ்க்கை அவர் கையில் காதலாகிறது. கிறிஸ்தவர் அல்லாத ஒரு பிராமணர், கிறிஸ்தவச் சபையின் தாய்க்கு, கிறிஸ்தவ வரலாறு கொடுக்காத மரியாதையைக் கொடுக்கிறார். வகுப்பில் இந்த நாவலைப் பேசும்போது மாணவிகள் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். எனக்கும் இதில் மாதவையா மேல் அன்பு உண்டு.

ஆனால் நாவலின் கனம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிறப்பு, கல்வி, மணம், கைம்மை, சிதை, மீட்பு, காதல். சபை வருவது இவற்றுக்கெல்லாம் பிறகு. அங்கே போகும்போது நாவலாசிரியரின் கை தளர்ந்துவிடுகிறது. நெருப்பிலிருந்து இழுக்கப்படுகிற பெண்ணை எழுத அவருக்கு முடிந்தது. கணக்கு எழுதுகிற பெண்ணை எழுத ஆர்வம் இருக்கவில்லை. சுண்ணாம்புக்கும் செங்கலுக்கும் யாரிடம் போய்க் கேட்டாள், படை அதிகாரிகள் வீட்டு வாசலில் எத்தனை நாள் காத்திருந்தாள், மாஜி பிராமணத்தி பக்கத்தில் உட்கார வந்தவர்கள் முதல் நாள் எவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்தார்கள், அந்தத் தூரம் எப்போது குறைந்தது, குறைந்ததா இல்லையா? ஒரு நகரத்தில் புதிதாக ஒரு சபை உண்டாவது இந்தக் காரியங்களால்தான். காதலால் கட்டிய கோயில் என்று சொல்லிவிட்டால் உழைப்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. தாஜ்மகால் கதை திருப்பிப் போடப்பட்டது போல ஆகிவிடுகிறது.

அவள் செய்த வேலையில் என்னை மிகவும் நிறுத்துவது அவள் உபதேசியார் கேட்டது. கூடி வருகிற மக்களுக்கு ஒரு உபதேசியார் வேண்டும் என்று தஞ்சாவூருக்குக் கோரிக்கை போனது. சுவார்ட்ஸ் சத்தியநாதனை அனுப்பினார். 1790இல் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். மக்களைச் சேர்த்தவள், பணம் போட்டவள், கோயில் எழுப்பியவள் எல்லாம் அவள். ஆனால் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க, தண்ணீரைத் தலையில் ஊற்ற, ஓர் ஆணின் கை வேண்டும். அந்தக் கையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். இதைச் சிலர் பணிவு என்று எழுதியிருக்கிறார்கள். வேறு வழி என்ன இருந்தது என்று அவர்கள் எழுதவில்லை. தான் தொடங்கிய ஒன்று தொடர வேண்டுமானால் அதை இன்னொருவர் கையில் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை. நம்மில் எத்தனையோ பேருக்கு, சபையில் இல்லாவிட்டாலும், வீட்டுத் தொழிலில், சங்கத்தில், பள்ளிக்கூடத்தில் இது தெரிந்த நிலைதான்.

அந்தக் கை பெண்ணின் கையாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளத் தென்னிந்தியத் திருச்சபைக்கு 1976 ஆயிற்று. அந்த ஆண்டில்தான் எலிசபெத் பால் பெங்களூரில் குருப்பட்டம் பெற்றார். முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா, நந்தியாலில், 2013இல். பாளையங்கோட்டைக் கோயில் பிரதிஷ்டையிலிருந்து எண்ணினால் 228 ஆண்டுகள். கத்தோலிக்கத் திருச்சபையில் அந்தக் கணக்கை இன்னும் தொடங்கவே இல்லை.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளாரிந்தா, அல்லது குளோரிந்தா, இத்தாலியக் கவிஞர் தாஸோவின் 1581ஆம் ஆண்டுக் காப்பியத்தில் வரும் வீராங்கனையின் பெயர். அந்தக் கதையில் அவளை நேசிப்பவனே ஆள் தெரியாமல் போரில் அவளைக் கொன்றுவிடுகிறான். சாகும் தறுவாயில் அவன் கையாலேயே ஞானஸ்நானம் பெற்று இறக்கிறாள். நம் கிளாரிந்தா ஞானஸ்நானம் பெற்ற பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தாள். சாவில் முடிய வேண்டிய பெயரை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டே இருந்தாள். அந்தப் பெயர் ஊருக்கு ஒட்டவில்லை என்பது வேறு. பாளையங்கோட்டையில் அவள் கோயிலுக்குப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் பெயர். மதம் மாறினாள், உறவை இழந்தாள், சாதியார் பார்வையில் செத்தவளானாள். ஊர் அவளிடம் எடுத்து வைத்துக்கொண்டது அவள் விட்டுவந்த சாதியை. அன்போடுதான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாற்பது பேரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் ஒருத்தி பணம் சேர்த்து அந்தக் கோயிலைக் கட்டியிருந்தால், அவள் சாதிப் பெயரோடு ‘அம்மாள்’ சேர்த்து ஊர் அழைத்திருக்குமா என்று கேட்காமல் கிளாரிந்தாவைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவளுடைய துணிவு பெரிது. அந்தத் துணிவு நினைவில் தங்கியதற்கு அவள் பிறந்த இடமும் உதவியது.

எங்கள் புதுச்சேரிப் பக்கத்துக் கதை ஒன்றை இதன் அருகில் வைக்கிறேன், ஏனென்றால் சாதியும் பெண்ணும் கோயிலுக்குள் எப்படிச் சேர்ந்தே கையாளப்பட்டார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுவது வேறில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுச் செய்தி. புதுச்சேரிக் கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. தலித்துகள் குருவிடம் போய் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். அதே சமயத்தில் அந்த வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண், மெல்லிய துணி உடுத்தி, நகை அணிந்து, வாசனை பூசிக்கொண்டு பூசைக்கு வந்தாள். குரு மூக்கைப் பிடித்துக்கொண்டு, நீ குடும்பத்துப் பெண்ணா, தாசியா என்ற பொருளில் கடிந்து, பூசை முடியும் முன்பே அவளை வெளியே அனுப்பினார். பிறகு சபையார் வீட்டுப் பெண்கள் எதை உடுத்தலாம், எதைப் பூசக்கூடாது என்று உத்தரவும் போட்டார். அந்தப் பெண்ணின் பெயர் நாட்குறிப்பில் இல்லை. இன்னாரின் மனைவி, அவ்வளவுதான்.

இதை வாசிக்கும்போது இரண்டு பக்கமும் வழுக்கும். சுவரை இடித்த குருவைப் புரட்சியாளர் என்று தூக்கிவைத்து, பெண்ணுக்கு நடந்ததைச் சில்லறை என்று விட்டுவிடலாம். அல்லது அவமதிக்கப்பட்ட பெண்ணின் பக்கம் நின்று, அவள் வீட்டார் சுவருக்காகக் கத்தியதை மறந்துவிடலாம். நான் இரண்டையும் செய்ய விரும்பவில்லை. அந்தச் சுவர் இடிந்தது அதற்காக முறையிட்டவர்களின் வெற்றி. ஆனால் சமத்துவத்தைக் கொண்டுவந்த அதே அதிகாரம் பெண்ணின் உடம்பை ஒழுங்குபடுத்தவும் உரிமை எடுத்துக்கொண்டது. சுவரின் மறுபக்கம் இருந்த தலித் பெண்கள் அன்று என்ன உடுத்தியிருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நாட்குறிப்புக்காரர் எழுதவில்லை. அவர் பார்வைக்கு எட்டும் தூரத்தில் அவர்கள் இல்லை. அதே 1745இல் அரியாங்குப்பத்தில் கனகராய முதலியார் கோயில் கட்டி ஊரைக் கூட்டி விருந்து வைத்ததை மட்டும் விரிவாக எழுதியிருக்கிறார். கொடுக்கிற ஆணுக்கு நாட்குறிப்பில் பக்கங்கள் உண்டு.

இப்போதும் சபைகள் தொடங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. நெட்டப்பாக்கத்திலிருந்து மடுகரைப் பக்கமோ வில்லியனூர் பக்கமோ போனால், மனை போட்ட நிலங்களில் தகரக் கூரையோடு ஜெபக்கூடங்களைப் பார்க்கலாம். வில்லியனூர் மாதா கோயில் 1877இல் எழுந்தது. திருவிழாக் கூட்டம், குளம், தேர் என்று அது ஒரு தனி உலகம். நான் சொல்வது பலகை மட்டும் இருக்கிற சின்னச் சபைகளை. பலகையில் பாஸ்டர் பெயரும் செல்போன் எண்ணும் இருக்கும். உள்ளே போனால் பத்துக்கு எட்டு பேர் பெண்கள். பல இடங்களில் கதை ஒன்றுபோலவே இருக்கிறது: உடம்பு சரியில்லாத ஒரு குழந்தைக்காக, குடிக்கிற ஒரு கணவனுக்காக, ஒருத்தி தன் வீட்டு மாடியில் நாலு பேரைக் கூட்டி ஜெபிக்க ஆரம்பித்தாள். கம்பெனி பஸ்ஸில் கூட வருகிறவர்கள் சேர்ந்தார்கள். இருபது பேர் ஆனதும் இடம் போதவில்லை. இடம் வாங்கியதும் பாஸ்டர் வந்தார். மாடி வீட்டு அம்மா அதன் பிறகு ‘மூத்த விசுவாசி’. பாளையங்கோட்டையின் வரிசை அப்படியே இருக்கிறது: பெண், கூட்டம், கட்டடம், ஆண்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. 1780இன் பதிவேட்டில் நாற்பது பேரும் பெயரோடு இருந்தார்கள். இன்றைய ஜெபக்கூடங்களில் பலருக்குப் பதிவேட்டில் பெயர் இருக்காது, இருக்கக் கூடாது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, பிறகு சேர்க்கப்பட்ட சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். புதுச்சேரிக்கு 1964இல் தனி ஆணை வந்தபோதும் விதி இதுவே. ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கினால் பிள்ளையின் கல்வி உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் போகும். ஆகவே தலித் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயரும் தாலுகா ஆபீசில் ஒரு பெயருமாக வாழ்கிறார்கள். மதம் மாறினாலும் சேரித் தெரு மாறுவதில்லை என்பது அரசுக்குத் தெரியாததா? சபைத் தலைமைகள் இதற்காகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இந்த இரட்டை வாழ்க்கையின் தினசரிக் காவல் பெண்களிடம்தான் விடப்பட்டிருக்கிறது. பள்ளியில் பிள்ளை என்ன பெயர் சொல்ல வேண்டும், விண்ணப்பத்தில் எதை எழுத வேண்டும், வீட்டுச் சுவரில் எந்தப் படம் எப்போது மாட்ட வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அம்மாக்கள்.

இப்படிப் பெயரில்லாமல் இருப்பவர்களை வைத்து வருங்காலத்தில் யார் வரலாறு எழுதுவார்கள்? எழுதினால் பலகையில் இருக்கிற பெயரை வைத்துத்தான் எழுத முடியும். கிளாரிந்தாவுக்காவது ஒரு பதிவேடும், ஒரு கோயிலும், ஒரு நாவலாசிரியரும் கிடைத்தார்கள்.

பாகூர் பக்கத்திலிருந்து வருகிற முதுகலை மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டுக்கு இதையே எடுத்துக்கொண்டிருக்கிறாள். நாலு ஜெபக்கூடங்களுக்குப் போய்வந்து ஒரு நோட்டு நிரப்பியிருக்கிறாள். அதில் பெயர்கள் இல்லை. ‘பாய் விரிக்கிறவர்’, ‘மைக் செட்டுக்கு வாடகை கட்டுகிறவர்’, ‘முதல் இரண்டு வருஷம் வீட்டுச் சாவி கொடுத்தவர்’, ‘படிக்கத் தெரியாது, வசனம் எல்லாம் மனப்பாடம்’ என்று இருக்கிறது. சான்றிதழ் பயத்தில் யாரும் பெயர் போடச் சம்மதிக்க மாட்டார்கள், நாமே வேறு பெயர் வைத்துவிடலாமா என்று கேட்டாள். அதற்கு முன் அவர்களையே கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.